வலது காதில் வராத பாட்டு

கேம்பல் ஸ்திரீட் கடையில் ஆனந்தராஜா வாங்கி வந்த பெட்டிக்குள் ஒரு கேசட் பிளேயர் துண்டு துண்டாகக் கிடந்தது. அதைத் தானே பொருத்திப் பூட்டி, இயர்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே பஸ்ஸில் ஆபீஸ் போக வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் கிளார்க் வேலை பார்க்கிறவன், ஈயம் உருக்கி வயர் ஒட்டும் சால்டரிங் அயர்னைத் தொட்டதே இல்லை. அதனால்தான் எதிர்வீட்டுச் சலேஹா வந்தாள்.

சலேஹா பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் எலக்ட்ரானிக் போர்டு சோதிப்பவள். வேலை விட்டு வந்ததும், "ஆனந்தண்ணே, எது வரைக்கும் வந்தீங்க?" என்று கேட்டபடி நுழைவாள். ஆனந்தராஜாவின் ரைஃபிள் ரேஞ்ச் ஃபிளாட்டில் ஒரே மேசை. ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவன். அவன் மனைவி அருந்ததிக்கு அடுப்படி வாசல்தான் மிச்சம்.

அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து தன்னோடு ஒருமுறையாவது இவன் இப்படி வாய்விட்டுச் சிரித்திருக்கிறானா? வெங்காயம் உரித்துக்கொண்டே அருந்ததி ஒவ்வொரு சிரிப்பையும் கவனித்தாள். யார் முதலில் சிரித்தது, எதற்கு, அப்போது அவன் கை எங்கே இருந்தது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"நீங்களும் வாங்கக்கா, கத்துத் தர்றேன்," என்று சலேஹா ஒருநாள் கூப்பிட்டாள்.

"எனக்கு வேலை கிடக்கு," என்று அருந்ததி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாம் பூட்டி முடித்த சமயம் சலேஹா நைட் ஷிப்டுக்கு மாறினாள். கேசட் சுழன்றது. இடது காதில் பாட்டு, வலது காதில் ஒன்றுமில்லை. ஆனந்தராஜா காலை முழுக்க அதைக் குடைந்தான்.

"சலேஹா முழிச்சிருந்தா உடனே கண்டுபிடிச்சிருப்பா லா."

அருந்ததிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ எதுக்கு? வலது பக்க வயரை ஒட்டுனப்ப அவளோட சூப்பர்வைசர் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னா. நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்க. ஈயம் இறுகறதுக்குள்ள உங்க கை ஆடிப்போச்சு. அங்க பாருங்க!"

போர்டைத் திருப்பினான். அந்த ஒட்டு மட்டும் மங்கிக் கிடந்தது. தொட்டதும் வயர் ஆடியது. அவன் கை நீட்டுமுன் அருந்ததி அயர்னை எடுத்தாள். ஈயம் உருகி மறுபடி இறுகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு காதிலும் பாட்டு வந்தது.

"நீயா!" என்று பூரித்துப்போனான். "சலேஹாகிட்ட காட்டணுமே!"

அருந்ததிக்கு வந்த சந்தோஷம் அந்த இடத்திலேயே புளித்துப்போயிற்று. சாயங்காலம் பிளேயரை எடுத்துக்கொண்டு தானே போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். சலேஹாவின் முகம் கறுப்பதைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனாள். சலேஹாவோ நடந்ததையும் பாட்டையும் கேட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் சிரிக்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்ல. அதான்."

சலேஹா மெதுவாகக் கையை விட்டாள். "உங்களையும்தானேக்கா கூப்பிட்டேன்."

அருந்ததி பிளேயரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

அதன்பிறகு சலேஹா வரவே இல்லை. ஆனந்தராஜா காரணம் தெரியாமல் விழித்தான். நினைத்தது நடந்தும் அருந்ததிக்கு நிம்மதி இல்லை. கடைசியில் கேம்பல் ஸ்திரீட்டுக்குப் போய் இன்னும் பொருத்தாத ஒரு ரேடியோ கிட் வாங்கி வந்து, எதிர்வீட்டு வாசலில் நின்றாள்.

"எனக்குப் பக்கத்துல உட்காருவியா?"

சலேஹா வந்தாள். அருந்ததி மனதிலிருந்த முள் முழுக்கப் போய்விட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் சலேஹா வர நேரமானால் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்ப்பவள் இப்போது அவள்தான்.