பலகையில் முளைத்த நாற்று

1.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்னிலத்தில் என் பக்கத்து வீட்டு இராஜாங்கம் குவைத்திலிருந்து திரும்பி, வயலைப் பார்த்துக்கொண்டே மாடியில் ஓர் அறை கட்டினார். வாடகைக்கு விடப்போகிறார் என்று தெரு நினைத்தது. அவர் உள்ளே பொம்மை ரயிலுக்குப் பாதை போட ஆரம்பித்தார். அறை நிறையப் பலகை, பலகை நிறையத் தண்டவாளம், கரி எஞ்சின் காலத்து ஸ்டேஷன், பச்சைக் கொடியோடு விரல்நுனி உயரத்தில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். முதல்முறை பார்த்தபோது நான் குதிக்காத குறைதான். இத்தனை வருடம் எழுதியும் இப்படி ஓர் ஊரை நான் உண்டாக்கியதில்லை!

2.

கிழித்துப்போட்ட தொடக்கங்கள்:

"கூவென்று ஊதியபடி அந்த ரயில்..." (அது இன்னும் ஓடவே இல்லை.)

"இராஜாங்கம் ஒரு சாதாரண விவசாயி..." (பொய். சாதாரண ஆள் பொம்மைக்கு மீசை வரையப் பூதக்கண்ணாடி வாங்குவாரா?)

"ரயிலை நெல் மறித்தது." இது நிற்கட்டும். நடந்ததும் இதுதான்.

3.

தண்டவாளத்தின் இரு பக்கமும் வயல் வேண்டும். மற்றவர்கள் பிளாஸ்டர் பூசிப் பச்சை பெயின்ட் அடிப்பார்கள். இராஜாங்கத்துக்கு அது கேவலமாகப் பட்டது. தன் சொந்த வயலிலிருந்து ஒரு சாக்கு மண் கொண்டுவந்து பரப்பி, வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்தார். அறுவடையில் சிந்திய நெல் அந்த மண்ணுக்குள் கிடந்ததை யோசிக்கவில்லை. (டெல்டாக்காரர் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு செய்ய வராது.) ஒரு வாரத்தில் ஸ்டேஷன் கூரையைத் தாண்டி நாற்று வளர்ந்து நின்றது. சில தண்டவாளத்துக்கு நடுவிலேயே முளைத்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து மாடல் ரயில் குழுவினர் வருகிறார்கள். முதல் ஓட்டம் அவர்கள் முன்னால்தான். ஓட வேண்டுமானால் நாற்றைப் பிடுங்க வேண்டும். இப்போது பிடுங்கினால் குப்பைக்குத்தான் போகும், நடுகிற பதம் வரவில்லை. விட்டுவைத்தாலோ, ஈரத்தில் பலகை உப்பி வருடக்கணக்கான உழைப்பு பாழ்.

4.

இங்கே எனக்கு ஓர் எதிரி தேவைப்பட்டது. அவர் மனைவி வானதியைப் பிடித்தேன். ரயிலைப் பிடிக்காத வானதி, கணவருக்குத் தெரியாமல் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று எழுதிவிட்டு, கெட்டிக்காரத்தனமாக வானதியிடமே படிக்கக் கொடுத்தேன்.

வானதி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"நான் ஊத்தலைங்க. காயட்டும்னுதான் ஃபேனைப் போட்டு விட்டேன். அவருதான் ஃபேனை அணைச்சிட்டுத் தண்ணி தெளிக்கிறாரு. கேட்டா, வாடுதுங்கறாரு. பலகை பாழாயிடுமேன்னா, அதுவும்தான் மனசுக்குள்ள கெடக்குங்கறாரு."

என் வில்லி போய்விட்டாள், ஆனால் கதை வந்துவிட்டது!

5.

முடிவுகள்:

அ) பிடுங்குகிறார், ரயில் ஓடுகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். (கைதட்டல் எனக்கே பிடிக்கவில்லை.)

ஆ) பிடுங்கவில்லை. திருச்சிக்காரர்கள் காபி குடித்துவிட்டு நாற்றைப் படம் எடுத்துக்கொண்டு... (அவர் முகத்தை என்னால் எழுத முடியவில்லை.)

இ) ஞாயிற்றுக்கிழமை உண்மையில் நடந்தது.

மாடிப்படியில் திருச்சிக்காரர்களின் பேச்சு கேட்கிறது. எஞ்சின் ஸ்டேஷனில் நிற்கிறது, அதற்கு முன்னால் தண்டவாளத்துக்கு நடுவில் நாற்று அப்படியே நிற்கிறது. இராஜாங்கம் எஞ்சினை ஓட விடும் வேகத் திருகை என் கையில் வைத்து அழுத்துகிறார்.

"நீங்க திருப்புங்க. எனக்குக் கை வரல. ஓடணும்னும் இருக்கு."

எனக்கும் வரவில்லை. ஆகவே வாசகரே, இதோ, திருகைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் தள்ளி நிற்கிறேன். இப்படி ஓர் இடத்தில் என் எந்தக் கதையும் நின்றதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் கொடியைக் காட்டிவிட்டார். அவருக்கு அடுத்த நாற்று அவர் தொப்பிக்கு மேல் வளைந்திருக்கிறது. அதன் நுனியில், இன்று காலை இராஜாங்கம் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை.