சுகாதார மேலாளரின் கைக்குட்டை

ஈர மேசையைத் துணியால் துடைத்ததற்காக மைத்துனனைக் காலையில்தான் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார், சாஸ் ஆலையின் சுகாதார மேலாளர். "கிருமிநாசினி தானா காயணும்! துணி பட்டா அடிச்சதே வீண்!" என்று ஆலையே அதிர முழங்கினார்.

மதியம் உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் அம்மா வந்தார். மேலாளர் தம் கையாலேயே மேசைக்கு மருந்தடித்துக் காட்டினார். ஈரம் திட்டுத்திட்டாக நின்றது, பளபளப்பு போதவில்லை. கழுத்து வேர்வையைத் துடைத்த கைக்குட்டையால் மேசையின் மேல் ஒரே இழுப்பு இழுத்தார்.

ஆய்வாளர் கைக்குட்டையையே பார்த்தார்.

ஆலை கொடுத்த பூட்ஸைத் திருப்பித் தர வந்த மைத்துனன் வாசலில் நின்றான். "அக்கா துவைச்சதுதானே மாமா? சுத்தமாத்தான் இருக்கும்."

மேலாளருக்குக் காதுமடல் வரை சுட்டது. மேசையைத் தாமே மறுபடி கழுவத் தொடங்கினார்.

"பூட்ஸைப் போட்டுக்கடா," என்றார், தலை நிமிராமல். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே."