முழங்கால் அளவுத் தண்ணீர்

வன அலுவலகத்தின் முன்னறையில் அனுமதிச் சீட்டு எழுதுகிறவளை எல்லாரும் பர்மிட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடமாக அதே மேஜை, அதே நாற்காலி. மழைக்காட்டுக்குள் போய் இரவு தங்கி நடக்க நினைக்கிறவர் யாராக இருந்தாலும் அவள் எதிரில் உட்கார்ந்து, எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே கூடாரம், எப்போது திரும்புவீர்கள் என்ற நாலு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த நாலு பதிலிலேயே ஆள் எப்பேர்ப்பட்டவர் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் காட்டைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது.

கடை அட்டை கூடப் பிய்க்காத பையோடு வருவார்கள். மழைக்காட்டில் மழை பெய்யும் என்ற சேதியை யாரோ தங்களிடம் மறைத்துவிட்டது போலப் பேசுவார்கள். உள்ளே சிக்னல் கிடைக்குமா என்று கேட்பார்கள். கிடைக்காது என்றால் அவளை முறைப்பார்கள், ஏதோ அவள்தான் காலையில் எழுந்து கோபுரத்தைப் பிடுங்கிப் போட்டவள் மாதிரி. அவளோ காட்டுக்குள் வெகுதூரத்தில் பாதையைக் குறுக்கிடும் இரண்டாம் ஆறு வரைக்கும் ஏழு தடவை நடந்து வந்தவள். அதில் இரண்டு தடவை வெள்ளம் வடிவதற்காகக் கரையில் ஒரு நாள் முழுக்கக் குத்துக்காலிட்டுக் காத்திருந்தவள்.

இப்படிப்பட்டவளிடம் ஒரு திங்கட்கிழமை அவளுடைய தங்கை வீட்டுக்காரரே வந்து உட்கார்ந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பயிற்சிப் பிரிவு. ஆபீஸில் அவரை லீடர் என்று கூப்பிடுவார்களாம். அந்தப் பெயரை வைத்தது அவரேதான் என்று அக்காவுக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

ஐந்து பேர், மூன்று நாள், இரண்டு இரவு என்று திட்டத்தைப் பளபளப்பான தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். தினமும் பதினாலு கிலோமீட்டர். முதல் நாள் சாயங்காலமே இரண்டாம் ஆற்றைக் கடந்து அக்கரையில் கூடாரம். ஏழிலிருந்து ஏழரை வரை உணர்வுப் பகிர்வு. சாமான் பட்டியலில் மடக்கு நாற்காலி இருந்தது, பாட்டுப் பெட்டி இருந்தது. கயிறு இல்லை.

அந்தக் காட்டில் பழகின காலே ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டர்தான் நடக்கும் என்றாள். தான் டிரெட்மில்லில் பத்து நடப்பதாக மாப்பிள்ளை சொன்னார்.

"டிரெட்மில்லுல வேர் இருக்காது, மாப்பிள்ளை. வழுக்காது. மரம் குறுக்க விழாது," என்றாள்.

ஆறு ஏறிவிட்டால் காத்திருக்க ஒரு நாள் கூடுதலாகப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். வியாழக்கிழமை மீட்டிங் இருப்பதால் அது சரிப்படாது என்றார், ஆறும் அந்த மீட்டிங்குக்கு வரவேண்டியது போல. அவள் சிவப்பு மையால் திட்டத்தைக் குதறி வைத்ததும் எழுந்து நேராக அதிகாரி அறைக்குள் போனார். கால் மணி நேரத்தில் சிரிப்புச் சத்தமும் கையெழுத்தும் ஒன்றாக வெளியே வந்தன. அக்கா சீட்டை எழுதிக் கொடுத்தாள்.

அவர்கள் கிளம்பிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் சாயங்காலம், சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிசகாமல், ஐந்து பேரும் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். அக்காவின் கண் முதலில் அவர்கள் காலுக்குத்தான் போனது. இரண்டாம் ஆற்றைப் பார்த்து வருகிறவனுக்குத் தொடை வரைக்கும் சேறு அப்பியிருக்கும், கையெல்லாம் கீறலாக இருக்கும். இவர்களுக்குக் கணுக்கால் அளவு சேறு. கையில் ஒரு கீறல் கூட இல்லை.

வெளியே வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போக மேஜை ஓரத்தில் ஒரு தடித்த பதிவேடு இருக்கிறது. எந்த மரம் விழுந்து கிடக்கிறது, ஆற்றில் எவ்வளவு தண்ணீர், எந்த இடத்தில் தங்கலாம் என்று அதில் இருப்பதைப் பார்த்துத்தான் அடுத்துப் போகிறவர்கள் திட்டம் போடுவார்கள். மாப்பிள்ளை அதில் முத்து முத்தான எழுத்தில் அரைப் பக்கம் எழுதினார். 'இரண்டாம் ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவே. சுலபமாகக் கடந்தோம். அக்கரையில் தங்க அருமையான இடம்.'

அக்கா அதைப் படித்தாள். மனிதரைத் தப்பாக எடை போட்டுவிட்டோமோ என்று அன்று இரவு முழுக்க மனசு அரித்தது. அந்த அரிப்பு மறுநாள் காலை வரைதான் நீடித்தது. ரோந்து முடிந்து வந்த வனக்காவலர் மழைக்கோட்டைக் கழற்றும்போதே சிரித்தார்.

"அக்கா, உங்க மாப்பிள்ளை முதல் ஓடையத் தாண்டவே இல்ல. கேட்டுலேர்ந்து ரெண்டரை கிலோமீட்டர். மூணு நாளும் அங்கயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. பாட்டுச் சத்தத்துலதான் கண்டுபிடிச்சேன்."

அதே வாரம் தங்கை ஒரு படம் அனுப்பினாள். கம்பெனிப் பத்திரிகையில் ஐவரும் கை கட்டி நிற்கிறார்கள், மேலே 'எல்லையைத் தாண்டியவர்கள்' என்று கொட்டை எழுத்து. ஓடையைக் கூடத் தாண்டாதவர்கள் என்று அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டாள். பெருமை பேசுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. இதையும் அப்படியே விட்டிருப்பாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பள்ளிக்கூட ஓவிய டீச்சர், மற்றவள் அவளுடைய நாத்தனார். நாலு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். சிக்னல் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதிவேட்டைப் புரட்டிச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வந்த டீச்சர், 'முழங்கால் அளவு' என்று எழுதிவிட்டு, தன் சாமான் பட்டியலில் இருந்த கயிறு என்ற வார்த்தையை அடித்தாள்.

அன்று காலைதான் இரண்டாம் ஆறு நெஞ்சளவு ஓடுவதாகக் காவலர் சொல்லியிருந்தார். அக்கா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த அரைப் பக்கத்தின் மேல் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தாள். கீழே எழுதினாள்: 'இக்குழுவினர் இரண்டாம் ஆற்றைப் பார்க்கவில்லை. மேலே உள்ளது பொய்.' கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள். பிறகு டீச்சரிடம், கயிற்றைத் திரும்ப எழுதிக்கொள்ளவும், காத்திருக்க ஒரு நாள் சேர்த்துக்கொள்ளவும் சொன்னாள். டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டையும் செய்தாள்.

அந்தப் பக்கத்தை யாரோ படம் எடுத்துப் பரப்ப, நாலே நாளில் அது கம்பெனி வரைக்கும் போய்விட்டது. தங்கையிடமிருந்து போன் வந்தது.

"சொந்த வீட்டு மனுஷன இப்படியா சந்தி சிரிக்க வைப்ப? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"உன் வீட்டுக்காரர் மானத்துக்காக ரெண்டு பேர ஆத்துல இறக்கி விடச் சொல்றியா?" என்றாள் அக்கா.

தங்கை போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மாப்பிள்ளை தனியாக வந்தார். சாதாரணச் செருப்பு, நாலு நாள் தாடி. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டிருக்கிறது, கிழிக்க முடியாது என்றாள். கீழே இடம் இருக்கிறது, நடந்ததை எழுதலாம் என்று பேனாவை நீட்டினாள்.

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"பயந்துட்டோம்னு எழுதணுமா, அண்ணி?"

"எந்த இடத்துல பயம் வந்துச்சுன்னு எழுதுங்க. அது போதும்."

தலை நிமிராமல் இருபது நிமிடம் எழுதினார். ஓடைக்கரையில் நின்று பார்த்தோம், அப்பால் விழுந்த மரங்களுக்கு அடியில் பாதை புகுந்து போகிறது, வழி காட்டும் அடையாளத் துணி கண்ணில் படவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கூட வந்த கணக்காளர் உட்கார்ந்து அழுதார், அவரைச் சாக்காக வைத்து எல்லாரும் இக்கரையிலேயே தங்கிவிட்டோம், நானும் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். தங்கும் இடம் என்று பலகை வைத்திருக்கும் ஓடைக்கரையில் விடியற்காலை நிலத்துக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊறி, கூடாரம் முழுக்க நனைந்தது.

அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பத்தொன்பது வருடத்தில் அந்தப் பதிவேட்டில் அருமை, அற்புதம், மறக்க முடியாத அனுபவம் என்று எழுதினவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கரையில் தண்ணீர் ஊறுகிறது என்று ஒரு மகராசனும் எழுதியதில்லை. அவரைப் பாராட்ட அவளுக்கு நாக்கு எழவில்லை. இரண்டு எழுத்துப் பிழையை மட்டும் திருத்தச் சொன்னாள். அவர் போனதும் காவலரைக் கூப்பிட்டு, பலகையைப் பிடுங்கி மேட்டில் நடச் சொன்னாள்.

டீச்சரும் நாத்தனாரும் ஒரு நாள் கரையில் காத்திருந்து, கயிறு பிடித்து இடுப்பளவு தண்ணீரில் கடந்து, சுகமாகத் திரும்பி வந்து நாலே வரி எழுதிவிட்டுப் போனார்கள்.

தங்கை மறுபடி பேச ஏழு வாரம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டாள், அக்காவும் போனாள். மாப்பிள்ளை காட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், மெதுவாக ஆரம்பித்தார். துடுப்புப் படகில் கடலோரமாகவே நாலு நாள் போகலாம் என்று ஆபீஸில் ஒரு யோசனை, திட்டம் ஏறக்குறைய தயார், அண்ணி ஒரு பார்வை பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார்.

"கடலுக்குத் தனி ஆபீஸ் இருக்கு, மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டு அக்கா தங்கையைப் பார்த்து மோர் கேட்டாள்.