ஸ்டெப்னி விதை

“மெதுவா வைங்க. ஆட்டினா முழிச்சுக்கும்.”

“அவரைக்கொட்டை முழிச்சா என்ன, அழுமா?”

“பேசாம தண்ணி தெளிங்க. இதெல்லாம் என்னோட ஸ்டெப்னி.”

மாற்று டயரைக் குறிக்கும் அந்தச் சொல் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. லாரி மெக்கானிக் புருஷனின் பாஷையில் ஒரு வார்த்தையையாவது டீச்சரம்மா எடுத்துக்கொண்டாளே!

அவளுடைய ஒன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர் உண்டு. உள்ளே ஈரப் பஞ்சு. பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஓர் அவரை விதை. வெளியே பிள்ளையின் பெயர். வேர் இறங்க இறங்கத் தினமும் பார்த்துப் படம் வரைவார்கள். எந்த விதையாவது முளைக்காமல் போனால், பிள்ளைகள் வருமுன்னே வீட்டு ஜன்னலில் இதேபோல் டம்ளரில் முளைத்த ஒன்றை அந்த டம்ளரில் மாற்றி வைத்துவிடுவாள்.

“அது பொய்தானே?” என்று ஒருமுறை சீண்டினார்.

“டயர் பஞ்சரானா வண்டியை நடுரோட்டுல விட்டுட்டு வந்துடுவீங்களா?”

 கேட்க நினைத்த இன்னொன்றை அவர் கேட்காமலே விட்டுவிட்டார். முதல் முளையைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைகளின் முகம் எப்படி இருக்கும்? ஒருநாள் வந்து பார்க்கட்டுமா? தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறவர், பள்ளிக்கூடத்துக் கேட்டோடு திரும்பிவிடுவார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். அவளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் கூச்சப்படுவார் என்று விட்டிருப்பாள்.

நேற்று விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அவருடைய கால்கள் தாமாகச் சமையலறைக்குப் போயின. விதைகளுக்குத் தண்ணீர் தெளிக்கிற நேரம். ஜன்னல் விளிம்பு காலியாக இருந்தது.

“இங்க இருந்த டம்ளரெல்லாம் எங்கம்மா?”

அடுப்பருகே நின்ற தங்கை திரும்பினாள். “டீ குடுக்க டம்ளர் பத்தலைண்ணா. ஏதோ பஞ்சும் கொட்டையுமா ஊறிக் கெடந்துச்சு. கொட்டிட்டு, கழுவி எடுத்துக்கிட்டேன். ஏண்ணா?”

கூடத்தில் உறவுக்காரர்கள் அந்த டம்ளர்களில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் குப்பைக்கூடையின் முன் குந்தினார். டீத்தூளை ஒதுக்கினார், பஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முளைகள் ஒடிந்து கிடந்தன.

“என்னண்ணா இது, குப்பையில கையை விட்டுக்கிட்டு... எந்திரிங்கண்ணா.” அவர் விரல் நுனியில் இருந்த வேரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. “ஐயோ, அண்ணியோடதா? தெரியாம பண்ணிட்டேனே!”

“உன்னை ஒண்ணும் சொல்லலம்மா. ஒண்ணு கெடைச்சாப் போதும்.”

அடியில் ஒன்று கிடைத்தது, வேர் அறாமல். கை கழுவி, புதுப் பஞ்சை நனைத்து, யாரோ குடித்து வைத்த டம்ளரை அலசி, விதையை அதில் பொருத்தினார். கடைசி ராத்திரி மனைவி அலுத்துக்கொண்டது காதுக்குள்ளேயே இருந்தது: “நம்ம கிளாஸ் வாயாடியோட விதை மட்டும் அசையவே இல்லைங்க. பாவம், பேச்சையே நிறுத்திட்டா. நாளைக்கு மொத வேலையா மாத்தணும்.”

பக்கத்து வகுப்பு டீச்சர் கிளம்புமுன் அவரிடம் வந்தார்.

“நாளைக்கு ஸ்கூல் திறக்கறோம் சார். பிள்ளைங்ககிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல.”

“அந்த வாயாடிப் பொண்ணோட விதை முளைச்சுதா, டீச்சர்?”

 டீச்சர் அவர் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார்.

“இல்ல சார். இன்னைக்குப் போய்ப் பாத்தேன், அழுகிப்போச்சு. ரெண்டு நாளா லீவுங்கறதால அவ இன்னும் பாக்கல.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினார். “குடுங்க சார், காலையிலேயே மாத்திடறேன். அக்கா பண்றதை நானும் பாத்திருக்கேன்.”

அவரும் டம்ளரை நீட்டினார். ஆனால் விரல்கள் விடவில்லை. எத்தனை கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. வெள்ளை வேர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தது.

“டீச்சர்...”

“சொல்லுங்க சார்.”

“இதை நானே கொண்டு வரேன். கேட்டோட நிக்காம... உள்ள வந்து, அந்தப் பொண்ணு இதைப் பாக்கறதை ஒரு ஓரமா நின்னு பாத்துக்கட்டுமா?”