கப்பல் உழுந்து

மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில் ரஜிதா தோசைக் கடை வைத்திருந்தாள். அவளுடைய தம்பி கிருபன் ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் மேட்டுக்காணியில் உழுந்து செய்தான். ஆனால் அவள் கடையில் அரைத்தது கப்பலில் வந்த உழுந்து. அது மலிவு. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இறக்குமதி உழுந்துக்கு அரசாங்கம் வரியைக் கூட்டிய வருடம், கிருபனுக்கு முதன்முறையாக நல்ல விலை கிடைத்தது. வீட்டுக்கு ஓடு போட்டான். அதே மாதங்களில் ரஜிதாவின் வடை சிறுத்தது, தோசை விலை ஏறியது. காலையில் வந்துகொண்டிருந்த கூலிக்காரர்கள் மலிவான பாணும் சம்பலும் தேடிப் போனார்கள். பழைய விலைக்கு இரண்டு மூட்டை தரமுடியுமா என்று அவள் தம்பியிடம் கேட்டாள்.

"பத்து வருசமா நட்டத்துக்குத்தான் வித்தனான் அக்கா. இந்த வரி இல்லாட்டி எங்களால உழுந்தே செய்யேலாது."

"அந்த வரியை ஆர் கட்டுறது எண்டு நினைக்கிறாய்? என்ரை கடைக்கு வாற சனம்தான்."

மூட்டை எதுவும் வாங்காமலே அவள் திரும்பினாள். ஆவணியில் கடையை மூடிவிட்டு, கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள்.

கிருபன் அந்த மாரிக்கு இன்னும் ஐந்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்தான். கையிலிருந்ததெல்லாம் விதைக்கும் உழவுக்கும் போனது. மழை அளவாகப் பெய்தது. செடிகள் நிறையக் காய்த்தன. நெற்று முற்றும் நேரத்தில், நகரங்களில் சாப்பாட்டு விலை தாங்கமுடியவில்லை என்று வரியைக் குறைத்துவிட்டார்கள். இரண்டு கிழமைக்குள் வவுனியாக் கடைகளில் கப்பல் உழுந்து குவிந்தது. வியாபாரி சொன்ன விலை, செடி பிடுங்குகிறவர்களின் கூலிக்கே காணாது. கிருபன் ஆட்களை வரவேண்டாம் என்றான். வெயிலில் நெற்றுகள் வெடித்து மணிகள் மண்ணில் சிதறின.

ஞாயிற்றுக்கிழமை ரஜிதா வந்தாள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தானே பிடுங்கத் தொடங்கினாள். வெட்கத்தோடு அவனும் இறங்கினான்.

"இப்ப உழுந்து மலிவுதானே அக்கா. கடையைத் திறவுங்கோவன்," என்றான் மத்தியானம்.

அவள் நிமிராமலே சொன்னாள்: "அடுப்பையும் கிரைண்டரையும் வித்துப்போட்டன். கடையில இப்ப ஆரோ ஃபோன் திருத்துகினம்."

பின்னேரம் அவள் போகும்போது அரை ஏக்கர்கூட முடியவில்லை. மறுநாள் காலையில் கிருபன் படலையைத் திறந்து, பக்கத்துக் காணிக்காரரின் மாடுகளை உள்ளே விட்டான்.