மொட்டை மனுவும் மூக்கம்மாளின் ரேகையும்

என்மேல் ஆயிரம் குறை சொல்லலாம்; என் கையெழுத்தைக் குறை சொல்ல ஆள் கிடையாது. போடிநாயக்கனூர் பதிவு அலுவலக வாசலில் முப்பத்திரண்டு வருடம் பத்திரம் எழுதியவன் இந்தச் சீனிச்சாமி. முத்துக் கோத்த மாதிரி இருக்கும் என்பார்கள். அந்தக் கையால் ஒரு கேடுகெட்ட காரியமும் செய்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

1983. அதற்கு எட்டு வருடம் முன்னால் வேலையை விட்டு உட்கார்ந்ததிலிருந்து எனக்கிருந்த ஒரே போக்கிடம் ஜீப்பு ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கிளை நூலகம்தான். வாடகைக் கட்டடம். ஒழுகுகிற ஓடுகளை மாற்றச் சொன்னால், "காலி பண்ணுங்க, நான் ஏலக்கா மூட்டை அடுக்கிக்கிறேன்" என்பார் வீட்டுக்காரர். மழை வந்தால் அலமாரிகளை இழுத்து இழுத்துப் புத்தகங்களைக் காப்பாற்றுவாள் நூலகர் பொன்னுமணி. ராசிங்காபுரத்திலிருந்து முதல் பஸ்சில் வருவாள். கூட்டுவது, தண்ணீர் பிடித்து வைப்பது, புத்தகத்துக்கு முத்திரை குத்துவது எல்லாம் அவள்தான். உதவிக்கு ஓர் ஆள் கேட்டு எட்டு வருடமாக மதுரைக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஆள் வந்தபாடில்லை.

எட்டு மணிக்குக் கதவு திறக்கும். வாசகர் வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்து என்னுடையது. செய்தித்தாளின் மடிப்பை முதலில் பிரிக்கிற உரிமையும் என்னுடையது. அதில் யாராவது கை வைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

அந்த ஐப்பசியில் கை வைத்தது பொன்னுமணியே. போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள், ஆள் லோடு சேர்ந்து ஜீப்பு கிளம்புகிற ஒன்பது மணி வரைக்கும் மழையில் நனைந்துகொண்டு நிற்பார்கள். அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். சரி, ஒதுங்கிவிட்டுப் போகட்டும் என்று பொறுத்தேன். சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று செய்தித்தாளை எடுத்துச் சத்தமாக வாசிக்கவும் ஆரம்பித்தாள். மழை நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. 'அமைதி காக்கவும்' பலகைக்கு நேர் கீழே இருபத்தைந்து, இருபத்தாறு பெண்கள் தூக்குவாளியும் கையுமாக உட்கார்ந்துகொண்டு, "தேவாரம் ஊருக்குள்ள எறங்குன யானை மலையேறிருச்சா இல்லயா, அத மொதல்ல வாசிங்க டீச்சரம்மா" என்பார்கள். கூலி பற்றிச் செய்தி வந்தால் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். பேப்பர் என் கைக்கு வரும்போது மணி ஒன்பதேகால் ஆகிவிடும்.

ஒருநாள் வீட்டுக்குப் போன வேகத்தில் மாவட்ட நூலக அதிகாரிக்கு ஒரு மொட்டை மனு எழுதிப் போட்டேன். 'நூலகம் சந்தைக்கடையாகிவிட்டது. பதிவேட்டில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர்கூடக் கையெழுத்திடுவதில்லை. இப்படிக்கு, வாசகர்கள்.' நிஜத்தில் வாசகர்கள் என்பது நான் ஒருத்தன். சத்தத்தை நிறுத்தச் சொல்லி ஒரு வரி உத்தரவு வரும் என்று நினைத்தேன்.

வந்த உத்தரவு வேறு. என்னை முறை வைத்துச் சித்தப்பா என்று கூப்பிடுகிற பொன்னுமணி அதை என்னிடம்தான் காட்டினாள்.

"சித்தப்பா, யாரோ மனுப் போட்டிருக்காக. ஒரு நாளைக்கு முப்பது பேராவது பதிவுல வரணுமாம். இல்லைன்னா பகுதி நேரமா மாத்திப் புத்தகத்தையெல்லாம் வேற ஊருக்குக் கொண்டு போயிருவாகளாம். திங்கக்கிழமை அதிகாரியே வர்றாரு."

 என் காலில் நானே வெட்டிக்கொண்டதுகூடப் பெரிதில்லை. எட்டு வருடம் நூலகத்தை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுமந்த பெண்ணின் தலையில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. "எந்த வேலையத்த பயலோ" என்று மட்டும் சொன்னேன்.

"அந்தப் பொம்பளைகளையும் பதிஞ்சா முப்பது தாண்டிரும்ல?" என்று கேட்டேன்.

"கைநாட்டு வைக்கச் சொல்லிப் பாத்துட்டேன். மை டப்பாவப் பாத்தாலே எந்திரிச்சு வெளிய போறாக."

அவர்கள் ஏன் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் மூத்தவள் மூக்கம்மாள். அவள் வைக்காத கையை மற்றவர்கள் வைக்க மாட்டார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் அவளுடைய கொழுந்தன், கடன் பத்திரம் என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அது கிரயப் பத்திரம். எழுதியவன் நான். சட்டப்படி வாசித்தும் காட்டினேன், வழக்கமான வேகத்தில், பத்திர நடையில். ஒரு வார்த்தை அவளுக்குப் புரிந்திருக்காது. அவளுக்குப் புரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். அவள் பெருவிரலைப் பிடித்து அமுக்கியது இந்தக் கை. இரண்டு குறுக்கம் கரிசல் நிலம் போனது, அவள் மலைக்கு வேலைக்குப் போனாள்.

திங்கட்கிழமை எட்டரைக்கு அதிகாரி வந்தார். மோசமான மனிதர் இல்லை. பதிவேட்டைப் புரட்டினார். எல்லா நாளும் ஒன்பது கையெழுத்து; அன்றைக்கும் அதே ஒன்பது பேர் போட்டிருந்தார்கள். நிமிர்ந்து, தரையில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார்.

"இவங்கல்லாம் யாரும்மா?"

"வாசகர்கள் சார்" என்றாள் பொன்னுமணி.

"படிக்கத் தெரியுமா?"

"கேக்கத் தெரியும் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பேனாவைத் திறந்தார். "நோட்டுல இல்லாத ஆளை நான் எப்படிம்மா அறிக்கையில காட்டுறது? ஒன்பதுன்னுதான் எழுதணும்."

 பொன்னுமணியின் கண் ஒவ்வோர் அலமாரியாகப் போய் வந்தது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து பதிவேட்டை எடுத்துக்கொண்டு மூக்கம்மாள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்துகொண்டாள்.

"மூக்கம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கிறேன், கேளு."

"அன்னைக்கும் நீங்கதான எழுத்துக்காரரே வாசிச்சீக?"

கூட்டம் கப்சிப் என்றாகிவிட்டது. ஐப்பசிக்குப் பிறகு அந்தப் பலகைக்குக் கிடைத்த முதல் மரியாதை.

"ஆமா. அன்னைக்கு உனக்குப் புரியக் கூடாதுங்கிற மாதிரி வாசிச்சேன். தப்புத்தான்" என்றேன். 

மூக்கம்மாள் பதிவேட்டை என் பக்கம் தள்ளினாள். "நீங்க வாசிச்சா நம்ப மாட்டேன். டீச்சரம்மா வாசிக்கட்டும். அது இந்நாள் வரைக்கும் பேப்பர்ல இல்லாதத ஒண்ணும் வாசிச்சதில்ல."

அவளுக்கு எப்படி அது தெரியும் என்று நான் கேட்கவில்லை. பொன்னுமணி வந்து குனிந்து, விரல் வைத்து வாசித்தாள். "தேதி. பேரு. ஊரு. வந்த நேரம். கையெழுத்து. நீங்க இங்க வந்தீகன்னு அர்த்தம். வேற ஒண்ணுமில்ல ஆத்தா."

"வந்தது நெசந்தான" என்றாள் மூக்கம்மாள். முந்தானையில் பெருவிரலைத் துடைத்தாள். முத்திரை குத்துகிற ஊதா மையில் தானே தொட்டு, தானே வைத்தாள். யாரும் கையைப் பிடிக்க அவள் விடவில்லை.

அப்புறம் ராக்கு, மாயக்காள், கருத்தம்மா என்று வரிசை கட்டிவிட்டார்கள். "வெரசா வைங்கடி, ஜீப்பு போயிரும்" என்று மூக்கம்மாளே விரட்டினாள். ரேகைக்குப் பக்கத்தில் பெயர் எழுத வேண்டும். பொன்னுமணி பேனாவை என்னிடம் நீட்டினாள். எழுதினால் மனு யாருடையது என்று வெளியாகிவிடும் என்று வாங்கும்போதே எனக்குத் தெரியும். மனுவை விளக்கம் கேட்டு அவளுக்கே அனுப்பியிருந்தார்கள். கோப்பில் வைத்து மேசைமேல்தான் கிடந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று எழுதினேன். இருபத்தாறு பெயர், முத்து முத்தாக.

அதிகாரி எண்ணினார். "முப்பத்தஞ்சு. பகுதி நேரம் தேவையில்லைன்னு எழுதுறேன். தினமும் இப்படி நோட்டுல ஏறணும்மா" என்றார். கோப்பில் இருந்த மனுவை எடுத்தவர், அதைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மனுவை மடித்துத் திரும்பக் கோப்பில் செருகிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

ஜீப்புகளும் போய்விட்டன. பேப்பர் என் கையில் இருந்தது. ஓர் எழுத்தும் ஏறவில்லை.

"பொன்னுமணி, அந்த மனு..."

"கவரைப் பிரிச்ச அன்னைக்கே தெரியும் சித்தப்பா. எட்டு வருசமா மொதக் கையெழுத்து உங்களோடதுதான?" தரையில் சிந்திய மையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏன் ஆத்தா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா மறுநா வெக்கப்பட்டு வராம நின்னுருவீக. எனக்கு இருந்ததே ஒம்பது பேரு."