சுவருக்கு ஒரு கை முன்னால்

அக்காவின் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது தம்பியின் சட்டைப் பையில் போன் அடித்தது. ஒரு கையில் கிண்ணம், மறு கையில் பஞ்சு. அடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டான். நின்றது. மறுபடியும் அடித்தது.

"எடுடா," என்றாள் அக்கா. அன்று காலையிலிருந்து அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, நான்தான். வாத்து பேசறேன்."

அக்காவின் புருவம் லேசாக ஏறியது. ஒன்பது வயதில் பார்வை போனதிலிருந்து அவள் காதுக்குத் தப்பியது என்று எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டில் பால் பொங்கினால் இவள் இங்கிருந்து குரல் கொடுப்பாள். போனில் வரும் குரல் எம்மாத்திரம்?

வாத்து என்பது அக்கா வைத்த பெயர். போட்டிக்கு முன்னால் காத்திருக்கும் அறையில் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாளாம். பதிலுக்கு அவள் அக்காவுக்கு வைத்த பெயர் முதலை. முழுப் பார்வையிழந்த பெண்களுக்கான ஐம்பது மீட்டர் நீச்சலில் எட்டு வருடம் முதலை முதலாவதாக வந்தாள், வாத்து இரண்டாவதாக வந்தாள். "என் காலடித் தண்ணியைக் குடிச்சே வளர்ந்தவடா அவ," என்று அக்கா சிரிப்பாள். தேசிய ரெக்கார்டு அக்காவுடையது. முப்பத்தெட்டு விநாடி, அதன் மேல் நூறில் நாற்பத்தொரு பங்கு. அக்கா நீச்சலை விட்டு மூன்று வருடமாகியும், பன்னிரண்டு வருடத்துக்கு முன் எழுதிய அந்த எண்ணை ஒருத்தியாலும் அசைக்க முடியவில்லை.

அன்று காலைத் தகுதிச் சுற்றில் வாத்து அதைக் கிட்டத்தட்ட உரசிவிட்டாள். அதற்கப்புறம்தான் வினை.

"வீட்டுக்காரர் ஈரத் தரையில வழுக்கி விழுந்து மணிக்கட்டு போச்சுண்ணே. கட்டுப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கார். நாலு மணிக்கு ஃபைனல். சுவர்கிட்ட எனக்குத் தலையில தட்ட ஆள் இல்ல. பழக்கமில்லாத யாரையோ தர்றோம்ங்கறாங்க. போன தடவை அப்படி ஒருத்தர் தட்டித்தான் எனக்குப் புருவம் கிழிஞ்சுது. இந்த ஊர்ல நீங்க இருக்கீங்களேன்னு…"

"அக்காவுக்கு ரொம்ப முடியலம்மா," என்றான் தம்பி. "ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு சொல்லிட்டாங்க."

மறுமுனையில் குளத்து இரைச்சல் மட்டும் கேட்டது. வாத்து பேசாமல் இருந்து அவன் கேட்டதே இல்லை.

"இவ்வளவு ஆயிடுச்சுன்னு தெரியாதுண்ணே. தெரியாம கேட்டுட்டேன். நீங்க முதலைகூடவே இருங்க." வைத்துவிட்டாள்.

"போ," என்றாள் அக்கா.

"எங்கே போறது? பேசாம படு."

"அவளுக்குச் சுவர் எங்கே இருக்குன்னு யாருடா சொல்லுவா?"

"யாராவது சொல்லுவாங்க. எரியிற வீட்டை விட்டுட்டு நான் இப்ப…"

"எது எரியுது? நானே அணைஞ்சுக்கிட்டிருக்கேன்."

மாமா வாசற்படியில் வந்து நின்றார். அக்காவின் கணவர். பேக்கரியில் மாவு பிசைகிறவர். பத்து நாளாக வேலைக்குப் போகவில்லை, ஆனாலும் முழங்கையில் மாவு இருக்கிற மாதிரி கைகளைத் தள்ளியே வைத்துக்கொண்டிருந்தார். "உன் ரெக்கார்டை உடைக்க உன் தம்பியையே அனுப்புவியா? நல்ல கூத்தா இருக்கே!" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அது இருமலாக மாறி, அடங்குவதற்குள் மூன்று பேருக்கும் மூச்சு முட்டியது. அடங்கியதும் தம்பியின் கையைத் தேடிப் பிடித்தாள். அவளுடைய வலது கையின் நடுவிரல் நுனிக்கணுவில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதிலிருந்து பிடித்த கை அது. வளைந்த பிறகு பிடித்ததுதான் அவனுக்கு ஞாபகம்.

"முன்னாடி தட்டிடாதே. எனக்குத் தெரிஞ்சிடும்," என்றாள். "டைமை வந்து சொல்லு. நான் இருக்கேன்."

இருக்கேன் என்கிறாள். இருப்பாள் என்றுதான் அவனும் நம்ப வேண்டியிருந்தது.

தட்டுகிற கோல் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. மீன்பிடிக்கிற தூண்டில் கம்பு, நுனியில் ஸ்பாஞ்சு உருண்டை. பழைய ஸ்பாஞ்சு தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சமையலறையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து உருட்டி, சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினான். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. லிஃப்ட் மெக்கானிக்கின் கை. லிஃப்ட் தரைமட்டத்துக்கு இரண்டு விரல் மேலே நின்றாலும் ஏறுகிறவன் இடறி விழுவான். இந்தக் கோலின் சங்கதியும் அதுதான். நீந்தி வருகிறவளுக்குச் சுவர் தெரியாது. அவள் தலையில் ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு. முன்னாடி தட்டினால் கையை நீட்டிக்கொண்டு வெறும் தண்ணீரைத் தொடுவாள். பின்னாடி தட்டினால் முழு வேகத்தில் சுவரில் போய் இடிப்பாள்.

ஆரம்பத்தில் அவன் எப்போதும் முன்னாடியேதான் தட்டுவான். அவள் இடித்துக்கொள்வாளோ என்ற பயம். பதக்கம் வரும், ரெக்கார்டு வராது. ஒருநாள் அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "விரல் என்னோடது, பயம் மட்டும் உன்னோடதா? அதைக் கொண்டுபோய் லிஃப்ட்ல வை." அடுத்த போட்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து தட்டினான். முப்பத்தெட்டு நாற்பத்தொன்று. அரங்கமே எழுந்து நின்றது. தண்ணீரிலிருந்து வலது கையை அவள் தூக்கியபோது நடுவிரல் தனியாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. "சரியா தட்டினேடா!" என்று அவள் கத்திச் சிரித்ததும், அவன் கோலைக் கீழே போட்டுவிட்டு அழுததும் பழைய கதை.

நீச்சல் குளம் இருபது நிமிட தூரம். பைக்கை அவன் ஓட்டிய ஓட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆனது.

காத்திருக்கும் அறையில் வாத்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கறுப்பு அடித்த கண்ணாடி. இந்தப் பிரிவில் எல்லோருக்கும் அது கட்டாயம். யாருக்கும் ஒரு பொட்டு வெளிச்சம்கூடக் கிடைக்கக் கூடாது. அவன் குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டாள்.

"ஏண்ணே வந்தீங்க?"

"அவதான் அனுப்பினா. போகலைன்னா அந்த நிலையிலயும் எந்திரிச்சு உதைப்பா."

"செய்வா," என்றாள் வாத்து. மூக்கை உறிஞ்சினாள். "என் கை முதலை கை மாதிரி இல்லண்ணே. நீளம். சுவருக்கு ஓர் ஆள் தூரம் இருக்கறப்ப தட்டுங்க, போதும். இடிச்சாலும் பரவாயில்ல. எனக்கு முப்பத்தாறு வயசாச்சு. இன்னிக்கு விட்டா விட்டதுதான்."

"சரிம்மா."

நாலாம் லேனின் முடிவில் அவன் மண்டியிட்டான். ஈரத்தரை முழங்காலில் குளிர்ந்தது. போனை அதிர்வில் போட்டு மேல் பையில் வைத்திருந்தான், நெஞ்சில் ஒட்டினாற்போல. அது அதிரக் கூடாது, அது அதிரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே கோலை நீட்டினான்.

விசில். அரங்கம் வாயை மூடியது. பார்வையில்லாதவர்கள் நீந்தும்போது யாரும் கத்தக் கூடாது. தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். குதித்தார்கள்.

இருபது மீட்டருக்குள் தெரிந்துவிட்டது. மற்ற லேன்கள் எல்லாம் பின்தங்கின. வாத்து லேன் கயிற்றை ஒருமுறைகூட உரசவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த பெரிய பலகையில் விநாடிகள் ஓடின. பார்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு பார்த்தான். முப்பது. முப்பத்தொன்று. உடையப் போகிறது. சந்தேகமே இல்லை, உடையத்தான் போகிறது. அவன் அக்காவிடம் போய் உன்னுடையது போச்சு என்று சொல்ல வேண்டும். இருந்தால் சொல்ல வேண்டும். முப்பத்து நாலு. நீளமான கைகள் சுழன்று வந்தன. விரல்கள் விறைப்பாக, நுனிகள் சுவரை நோக்கி. அவன் அந்த விரல்களைப் பார்த்தான். இன்னும் ஒரு கை வீச்சு பொறுக்க வேண்டும், ஒரே ஒரு கை.

தட்டிவிட்டான்.

தட்டிய கணமே தெரிந்தது. வாத்து உடலை நீட்டி, கையை முன்னால் எறிந்து, சுவருக்காகக் காத்து மிதந்தாள். சுவர் இல்லை. தடவினாள். அவசரமாக இன்னொரு அரைக் கை போட்டாள். அப்புறம்தான் தொட்டாள்.

பலகையில் 38.47 நின்றது. அரங்கம் ஒரே குரலில் 'அடடா' என்றது.

"எவ்வளவுண்ணே?" கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மற்றவர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.

"முப்பத்தெட்டு… நாப்பத்தேழு."

"நாப்பத்தேழா?" அவள் உதடு கணக்குப் போட்டது. "ஆறு. வெறும் ஆறு." தண்ணீரில் முகத்தை ஒருமுறை முக்கி எடுத்தாள். "கைக்கு எட்டினது சுவருக்கு எட்டலை பாருங்க. நான்தான் கடைசில சீக்கிரம் நீட்டிட்டேன் போலிருக்கு. உங்க மேல தப்பில்லண்ணே. ஓடுங்க, முதலைகிட்ட ஓடுங்க."

என் மேலதான் தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தான். பையில் போன் அதிர்ந்தது.

மாமா. "சீக்கிரம் வந்துடுப்பா," என்றார். அவ்வளவுதான்.

வழி நெடுக அவனுக்கு ஒரே கேள்வி. பயந்தா தட்டினேன்? வாத்தின் நீளக் கை பழக்கமில்லை என்பதாலா? இல்லை, உடைய விடக் கூடாதென்றா? மூன்று காரணங்களையும் நிறுத்தி விசாரித்தான், ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. தன் கையைக் கேட்டால் கை என்ன சொல்லும்? அது பைக்கின் பிடியை இறுக்கிக்கொண்டு கிடந்தது. அவனுக்கு அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் என்றிருந்தது.

அக்கா இருந்தாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மாமா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். தம்பி கோலை மூலையில் சாத்திவிட்டுத் தலைமாட்டில் குனிந்தான்.

"அக்கா, வந்துட்டேன்."

"டைம்."

"முப்பத்தெட்டு நாப்பத்தேழு."

"உடையல!" மாமா தேம்பிவிட்டார். "கேட்டியாம்மா? உன்னோடது உடையல. உன்னோடது அப்படியே இருக்கு!"

அக்கா மாமாவின் பக்கம் திரும்பவில்லை. தம்பி இருந்த பக்கம்தான் முகத்தை வைத்திருந்தாள்.

"சரியா தட்டினியா?"

"சரியாத்தான் தட்டினேன்."

சின்ன வயதிலிருந்தே அவன் குரலை மட்டும் வைத்தே அவன் சாப்பிட்டானா, குடித்தானா, பொய் சொன்னானா என்று கண்டுபிடித்தவள். அவன் தொண்டை அடைத்திருந்தது. சாகக் கிடக்கிறவள் பக்கத்தில் எவன் தொண்டைதான் அடைக்காது, அப்படி எடுத்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டான்.

"ம்," என்றாள்.

அந்த 'ம்' என்ன 'ம்' என்று கேட்க முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னும் நாலு வார்த்தை வந்தது. ஒவ்வொரு போட்டி முடிந்ததும் அவள் சொல்கிற வார்த்தைதான்.

"ஸ்பாஞ்சைப் பிழிஞ்சு வை. நாறிடும்."

அவன் எழுந்து போய் ஸ்பாஞ்சைப் பிழிந்தான். கொஞ்சம்தான் தண்ணீர் இருந்தது. குளோரின் வாடை அடித்தது. திரும்பி வந்தபோது மாமா கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி அடுத்த மூச்சுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். தம்பியும் காத்தான். இருவரும் வெகுநேரம் காத்தார்கள்.

மறுநாள் காலையில் கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். வாடகை நாற்காலிகள் தெருவரை நின்றன. பேக்கரி ஆட்கள் ஒரு பக்கம், லிஃப்ட் கம்பெனி ஆட்கள் ஒரு பக்கம். நீச்சல் சங்கத்திலிருந்து வந்த ஒருவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெக்கார்டு இருக்கும்போதே போயிட்டாங்க. எத்தனை பேருக்கு அது கிடைக்கும்?" என்றார். மாமா அதை வருகிறவர்களிடமெல்லாம் திருப்பிச் சொன்னார். அவருக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் தம்பி வேறெங்கோ பார்த்தான்.

பத்து மணிக்கு வாத்து வந்தாள். கட்டுப் போட்ட கையோடு அவள் கணவர் அவளைக் கூட்டிவந்தார். வாசலிலேயே அவள் குரல் கேட்டது: "முதலை எங்கே?" சட்டென்று கூடம் அடங்கியது. தம்பி எழுந்து போய் அவள் முழங்கையைப் பிடித்து அழைத்துவந்து தலைமாட்டில் உட்கார வைத்தான்.

"மாமா போன்ல சொன்னார்ண்ணே. நீங்க வர்ற வரைக்கும் இருந்தாளாமே. டைமைக் கேட்டாளாமே."

"கேட்டா."

"சந்தோஷப்பட்டாளா?"

வாத்திடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும், இப்போதே, இங்கேயே. சொன்னால் என்ன கிடைக்கும் அவளுக்கு? அந்த ஐம்பது மீட்டர் திரும்ப வருமா? சொல்லாவிட்டால் மட்டும்?

வாத்து அக்காவின் முகத்தைத் தடவினாள். நெற்றி, கன்னம், காது. "கை எங்கேண்ணே?" என்றாள். அவன் துணியை விலக்கி அக்காவின் வலது கையை எடுத்து அவள் மடியில் வைத்தான். எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து லேனில் நீந்தியவர்கள். அந்தக் கையை அவள் இதுவரை தொட்டதில்லை போலிருந்தது. ஒவ்வொரு விரலாக நீவிக்கொண்டு வந்தவள் நடுவிரலில் நின்றாள். வளைவின் மேல் கட்டைவிரலை வைத்து மேலும் கீழும் தடவினாள்.

"இது என்னண்ணே?"

"சுவர்," என்றான் தம்பி. "ரெக்கார்டு அன்னிக்கு."

"ஓ."

"அன்னிக்கு நான்தான்… கடைசி வரைக்கும் பொறுத்துத் தட்டினேன்."

அவள் தலையாட்டினாள். கையை மெதுவாக இருந்த இடத்தில் வைத்து, துணியைத் தானே இழுத்து மூடினாள். வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். வாத்து தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் நேராக இருந்தன.